எட்டுச் சில்லா, பதினாறு சில்லா: பழைய கணினிக்கு ரேம் வாங்கிய அனுபவமும் கடையைப் பற்றிய மதிப்பீடும்

மண்டபத்தில் நான் நடத்தும் ஜெராக்ஸ் கடையில் இருக்கும் மேசைக் கணினி 2013-ஆம் ஆண்டு வாங்கியது. இன்டெல் எச்61 மதர்போர்டு (எல்லா உறுப்புகளும் பொருத்தப்படும் பலகை, சுருக்கமாக போர்டு), ஐ3-3220 பிராசஸர், டிடிஆர்3 தலைமுறையைச் சேர்ந்த 4 ஜிபி ரேம் (வேலை நடக்கும்போது தகவலை வைத்துக்கொள்ளும் நினைவகம்) ஒன்று. பக்கத்தில் இருக்கும் இரண்டாவது ஸ்லாட் வாங்கிய நாள் முதல் காலியாகவே கிடந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். கடலுக்குப் போகாத நாள்களில்தான் ஆட்களுக்கு நிவாரண விண்ணப்பம், வங்கிப் புத்தக நகல், குடும்ப அட்டைத் திருத்தம் என்று கடைக்கு வர நேரம் கிடைக்கும். அந்த 61 நாள் நெருக்கடியில்தான் கணினி திணறத் தொடங்கியது. புதிய கணினி வாங்கும் நிலையில் நான் இல்லை. ஆகவே இன்னொரு 4 ஜிபி ரேம் சேர்ப்பது என்று முடிவு செய்தேன். எளிய வேலை என்று நினைத்தது இரண்டு மாதம் இழுத்தது. அதில் ஒரு ரேம் பயன்படவில்லை, ஒன்று மிக நன்றாகப் பொருந்தியது, ஒன்று பொருந்தும் என்று நம்பி ஏமாந்தேன். நான் வாங்கிய ரேம்களையும் கடைசியில் எனக்கு உதவிய ராமநாதபுரம் கடையையும் பற்றிய மதிப்பீட்டை இங்கே எழுதுகிறேன்.

முதலில், தேவை உண்மையிலேயே ரேம்தானா என்று பார்த்தேன். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பிரவுசரில் ஆறு பக்கங்களும் ஸ்கேன் செய்த ஒரு பட்டாவும் திறந்திருந்தபோது பார்த்தால், 3.9 ஜிபியில் 3.7 நிரம்பியிருந்தது, கேபினட்டின் முகப்பில் உள்ள ஹார்டு டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. ரேமில் இடமில்லாததைக் கணினி ஹார்டு டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. ஸ்கேன் வேலை செய்பவர்களுக்கு ஒரு கணக்கு: ஏ4 தாள் ஒன்றை வண்ணத்தில் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்தால் சுருக்காத நிலையில் சுமார் 26 எம்பி, அதே தாளை 600 டிபிஐயில் எடுத்தால் சுமார் 104 எம்பி. கோப்பாகச் சேமிக்கும்போது ஜேபெக் அதைச் சின்னதாகக் காட்டினாலும், திருத்துவதற்காகத் திறக்கும் கணத்தில் ரேமில் முழு அளவும் விரிந்துவிடும். விண்டோஸும் பிரவுசரும் எடுத்துக்கொள்வது போக, நான்கைந்து தாளைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்ப்பவருக்கு 4 ஜிபி போதாது. இந்த பிராசஸரின் கிராபிக்ஸும் தனக்கான நினைவகத்தை இதே ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது.

முதல் ரேமை இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். டிடிஆர்3, 1600, 4 ஜிபி, மேசைக் கணினிக்கு என்று எழுதியிருந்தது. விலை 450 ரூபாய். ஸ்டிக்கரில் நிறுவனத்தின் பெயரும் வேகமும் தவிர வேறொன்றும் இல்லை. போட்டுப் பார்த்தேன், திரை கறுப்பாகவே இருந்தது, உள்ளிருந்து நீண்ட பீப் ஒலி விட்டு விட்டு வந்தது. கழற்றினால் கணினி பழையபடி ஓடியது.

எனக்கு முதலில் தோன்றியது உப்புதான். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடை வைத்திருக்கும் யாருக்கும் அதுதான் தோன்றும். கச்சான் வீசும் மாதங்களில் இங்கே கதவுக் கீல் முதல் ஸ்டேப்ளர் வரை துருவேறும். தூசியும் ஈரமும் உப்பும் சேர்ந்து கேபினட்டுக்குள் மாவுபோல ஒட்டிக்கொள்ளும். ரேமின் கீழ் விளிம்பில் வரிசையாக இருக்கும் தங்க முலாம் பூசிய பட்டைகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நல்ல பட்டை சீரான மஞ்சளாக மின்னும். கடற்காற்று பட்டதில் ஆங்காங்கே மங்கலான பழுப்புப் புள்ளி தெரியும். முலாம் மெலிந்த இடத்தில் அடியிலிருக்கும் செம்பு பச்சை பூத்திருக்கும். என் பழைய ரேமின் ஓரத்தில் அப்படி மூன்று பட்டைகள் இருந்தன. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில நொடி அழுத்தி எஞ்சிய மின்சாரத்தை வடியவிட்டு, கேபினட்டின் இரும்பைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்னை இறக்கிவிட்டு, ரேமை விளிம்பில் மட்டும் பிடித்துக்கொண்டு, மென்மையான வெள்ளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்தேன். மை அழிக்கும் ரப்பரைப் பயன்படுத்தக் கூடாது. அதிலுள்ள நறநறப்பு முலாமையே உரித்துவிடும். தேய்த்த துகள் ஸ்லாட்டுக்குள் விழாதபடி மதர்போர்டிலிருந்து தள்ளி வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும். பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, ஸ்லாட்டை உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு மறுபடி பொருத்தினேன். எப்போதாவது தானாக நின்றுபோகும் பழக்கம் என் கணினிக்கு இருந்தது. அது இந்தத் துடைப்போடு போய்விட்டது. இந்தக் கரையில் இருப்பவர்கள் புது ரேமுக்குப் பணம் எடுத்து வைப்பதற்கு முன்னால் இதை ஒருமுறை செய்து பார்த்துவிட வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஆனால் புதிதாக வாங்கிய ரேம் மட்டும் எந்த ஸ்லாட்டில் போட்டாலும் அதே பீப்தான்.

விற்பனையாளரின் பக்கத்தை மறுபடி திறந்து கடைசி வரி வரை படித்தபோதுதான், மற்ற விவரங்களுக்கெல்லாம் கீழே, ஏஎம்டி போர்டுகளுக்கு மட்டும் என்று சிறிய எழுத்தில் இருந்ததைப் பார்த்தேன்; ஏஎம்டி இன்டெலின் போட்டி நிறுவனம், என் போர்டு இன்டெல். திருப்பி அனுப்பும் காலக்கெடு அதற்குள் முடிந்துவிட்டது. அந்த வரியை விலைக்குப் பக்கத்தில் போட வேண்டியவர் அவர். அங்கே போடாதது வாங்குபவருக்குச் செய்த அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

ராமநாதபுரத்தில் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் பழுதுபார்க்கும் கடை ஒன்று இருப்பதாக உச்சிப்புளியில் ஸ்டூடியோ வைத்திருப்பவர் சொல்லி, இரண்டு ரேமையும் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு பேருந்தில் போனேன். இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வாசலில் நிற்க வேண்டிய அளவுக்குச் சின்னக் கடை. 4 ஜிபி டிடிஆர்3 ரேம் ஒன்று வேண்டும் என்று நான் ஆரம்பித்ததுமே, உள்ளே இருந்த இளைஞர், “அக்கா, எந்த ரேம் வேணும்னு சொல்லாதீங்க, எந்த போர்டுன்னு சொல்லுங்க” என்றார். கடைக்கு என் பாராட்டு அந்த வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறது. அதற்கு முன் நான் விசாரித்த இரண்டு இடங்களில் போர்டைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை.

அவர் என் பழைய ரேமின் ஸ்டிக்கரைக் காட்டி விளக்கியதை, வேறொருவருக்கும் பயன்படும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். அதில் 4ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி3-12800யு என்று இருந்தது. பிசி3 என்றால் டிடிஆர்3. 12800 என்பது நொடிக்கு 12,800 எம்பி. அதை 8-ஆல் வகுத்தால் வரும் 1600தான் நாம் கடையில் கேட்கும் வேகம். ஏறக்குறைய அதே கணக்கில் 10600 என்றால் 1333, 8500 என்றால் 1066. கடைசியில் உள்ள யு என்ற எழுத்து சாதாரண மேசைக் கணினிக்கான ரேம் என்பதைக் குறிக்கும். அந்த இடத்தில் ஆர் என்று இருந்தால் அது சர்வர் ரேம்; எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நம் போர்டில் ஓடாது. பழைய சர்வர்களிலிருந்து கழற்றியவை சந்தையில் நிறையச் சுற்றுகின்றன என்பதால் இந்த ஓர் எழுத்தை விடாமல் பார்க்க வேண்டும்.

நடுவில் உள்ள 1ஆர்எக்ஸ்8 என்பதைத்தான் பெரும்பாலோர் கவனிப்பதில்லை, நானும் கவனித்ததில்லை. பிராசஸர் ரேமோடு பேசும் பாதை 64 பிட் அகலமானது. ரேமின் மேல் வரிசையாக இருக்கும் கறுப்புச் சில்லு ஒவ்வொன்றும் 8 பிட் தரும் என்றால் எட்டுச் சில்லு சேர்ந்து அந்த 64-ஐ நிரப்பும். அப்படி ஒரு தொகுதி இருந்தால் 1ஆர்எக்ஸ்8, இரண்டு தொகுதியாகப் பதினாறு சில்லு இருந்தால் 2ஆர்எக்ஸ்8. நான் இணையத்தில் வாங்கியதிலும் பதினாறு சில்லுதான் இருந்தன. ஆனால் அவை ஒவ்வொன்றும் 4 பிட் மட்டுமே தருபவை. பதினாறும் சேர்ந்தால்தான் ஒரு 64 ஆகும். இன்டெலின் மேசைக் கணினிகளில் உள்ள நினைவகக் கட்டுப்பாடு இந்த 4 பிட் சில்லுகளை ஏற்பதில்லை. பல ஏஎம்டி கணினிகள் ஏற்கின்றன. பதினாறு என்று எண்ணிப் பார்த்து நிம்மதியடைவதால் பயனில்லை, எக்ஸ்8 என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எழுதியே இல்லாத ரேமை வாங்காமல் இருப்பது நல்லது.

அவர் எடுத்துக் கொடுத்தது கிங்ஸ்டன் வேல்யூராம், புதியது, 850 ரூபாய். அதன் எண் கேவிஆர்16என்11எஸ்8/4. இந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பெட்டியைத் திறக்காமலே முழு ஜாதகமும் தெரிந்துவிடும்: 16 என்றால் 1600 வேகம், என் என்றால் ஈசிசி என்ற பிழை திருத்தும் வசதி இல்லாத சாதாரண வகை, 11 என்பது சிஎல் 11 என்ற காத்திருப்பு அளவு, எஸ்8 என்றால் 8 பிட் சில்லுகளின் ஒற்றைத் தொகுதி, கடைசி 4 கொள்ளளவு. 16-க்குப் பின் எல் என்ற எழுத்து வந்தால் அது 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல். அந்த வகை 1.5 வோல்ட்டிலும் ஓடும் என்பதால் என் போர்டில் அதையும் போடலாம். என்னிடம் இருந்த பழைய ரேம் ஹைனிக்ஸ். நிறுவனம் வேறானாலும் கொள்ளளவு, வேகம், சில்லு அமைப்பு மூன்றும் ஒத்துப்போவதால் இரண்டும் இணைந்து இரட்டைப் பாதையில் (டூயல் சேனல்) ஓடும் என்று அவர் சொன்னார். வீட்டுக்கு வந்து சிபியு-இசட் மென்பொருளில் பார்த்தபோது டூயல் என்றே காட்டியது.

இரண்டு பக்கமும் உள்ள கொக்கிகள் டிக் என்று மேலேறிப் பூட்டும் வரை அழுத்திப் பொருத்தினேன். அன்றிரவு கடையை மூடிய பிறகு மெம்டெஸ்ட்86+ என்ற இலவசச் சோதனை மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, காலை வரை ஓடவிட்டேன். பிழை இருந்தால் சிவப்பு வரிகள் வரும், ஒன்றும் வரவில்லை. புது ரேம் போட்டவர்கள் விண்டோஸ் திறந்துகொண்டது என்ற அளவோடு விட்டுவிடாமல் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். பழுதுள்ள ரேம் முதல் நாளே காட்டிக்கொடுப்பதில்லை. மாதம் கழித்து ஒரு கோப்பு திறக்காமல் போகும்போதுதான் தெரியும், அதற்குள் விண்ணப்பக்காரரின் ஸ்கேன் போயிருக்கும்.

பலன் நான் எதிர்பார்த்த அளவுக்கு இருக்கிறது. முன்பு திணறிய அதே வேலையில் இப்போது 5 ஜிபிக்குச் சற்று மேல் நிரம்புகிறது, ஹார்டு டிஸ்க் விளக்கு அமைதியாக இருக்கிறது, ஸ்கேனிலிருந்து பிரவுசருக்கு மாறும்போது இருந்த அந்த எரிச்சலூட்டும் காத்திருப்பு இல்லை. கணினி தொடங்கும் நேரம் மட்டும் மாறவில்லை. அது ஹார்டு டிஸ்க்கின் வேகத்தைப் பொறுத்தது, அதற்கு ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டிதான் போட வேண்டும். பளபளப்பான உலோகக் கவசம் போட்ட 2133 வேக ரேமையும் அந்தக் கடையில் பார்த்தேன். இந்த பிராசஸருக்கு 1600தான் உச்ச வரம்பு என்பதால், கூடுதல் விலை கொடுத்து அதை வாங்கினாலும் வேகத்தைக் குறைத்துக்கொண்டுதான் ஓடும்.

இதில் உற்சாகமாகி, தங்கச்சிமடத்தில் இருக்கும் என் தம்பிக்கும் அதே கிங்ஸ்டன் ரேமை வாங்கிக் கொடுத்தேன். என்னுடையதில் ஓடியது அவன் கணினியிலும் ஓடும் என்று நானே முடிவு செய்துகொண்டு, போர்டைக் கேட்காமல் வாங்கியது என் தவறு. அவனுடையது ஜி41 போர்டு, பென்டியம் டூயல் கோர் பிராசஸர். அதுவும் டிடிஆர்3, அதே 240 முனைகள், ஸ்லாட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது; டிஸ்ப்ளே வரவில்லை.

காரணம் இதுதான். 2008-இல் வந்த ஜி41-இல் ரேமை இயக்கும் நினைவகக் கட்டுப்பாடு, போர்டில் உள்ள சிப்செட் என்ற துணைச் சில்லில் இருக்கிறது. என் ஐ3-இல் இருப்பதுபோல பிராசஸருக்குள் இல்லை. அந்தச் சிப்செட் ஒரு சில்லுக்கு 2 ஜிகாபிட் வரைதான் அறியும். என் கிங்ஸ்டனில் 4 ஜிபியும் எட்டே சில்லில் அடங்கியிருக்கிறது, 8 பிட் ஒரு பைட் என்பதால் ஒவ்வொன்றும் 4 ஜிகாபிட்; எச்61-க்கு அது பழக்கம், ஜி41-க்கு அது தெரியாத சரக்கு. ஜி41-இல் 4 ஜிபி ரேம் ஓட வேண்டும் என்றால் 2 ஜிகாபிட் சில்லு பதினாறு கொண்ட, இரண்டு பக்கமும் சில்லுள்ள 2ஆர்எக்ஸ்8 வகைதான் வேண்டும். ஒரே டிடிஆர்3, ஒரே 4 ஜிபி, ஒரே 1600 என்று மூன்றும் பொருந்தியும் ஓடாமல் போவது இங்கேதான். பழைய கணினிக்கு ரேம் தேடும் பெரும்பாலோர் தடுமாறுவது இந்த இடத்தில் என்பதால், ஜி41 வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைக் கடைக்காரரிடமே காட்டலாம்.

கடையில் முகம் கோணாமல் மாற்றிக் கொடுத்தார்கள். பழைய கணினியிலிருந்து கழற்றிய சாம்சங் ரேம் ஒன்றை அந்த இளைஞர் எடுத்தார். எண் எம்378பி5273டிஎச்0-சிஎச்9, ஸ்டிக்கரில் 4ஜிபி 2ஆர்எக்ஸ்8 பிசி3-10600யு. எம்378 என்று தொடங்கினால் மேசைக் கணினிக்கு, எம்471 என்றால் மடிக்கணினிக்கு, எம்393 என்றால் சர்வருக்கு என்று போகிற போக்கில் சொல்லிக்கொடுத்தார். நான் கேட்கும் முன்பே, மேசைமேல் திறந்து கிடந்த ஒரு ஜி41 போர்டில் அதைப் பொருத்தி டிஸ்ப்ளே வருவதைக் காட்டிவிட்டு, பட்டைகளைத் துடைத்துக் கொடுத்தார். விலை 400 ரூபாய். தம்பியின் கணினியில் முன்பிருந்த 2 ஜிபியோடு சேர்ந்து இப்போது 6 ஜிபி ஓடுகிறது. பயன்படுத்திய ரேம் என்று யோசிப்பவர்களுக்கு என் கருத்து: இந்தக் காலத்து டிடிஆர்3-இல், பெயர் தெரியாத புது ரேமைவிட, பெரிய நிறுவனக் கணினியிலிருந்து கழற்றிய சாம்சங் அல்லது ஹைனிக்ஸ் ரேமையே நான் நம்புவேன், கண்முன் சோதித்துக் காட்டினால்.

தம்பியின் கணினியில் விண்டோஸ் 7-இன் 32 பிட் பதிப்பு இருந்தது. அதில் எவ்வளவு ரேம் போட்டாலும் 4 ஜிபிக்கு மேல் பயன்படாது என்பதால் 64 பிட் பதிப்பை ஏற்ற வேண்டியிருந்தது. அந்த பிராசஸர் அதைத் தாங்கும். மற்றபடி டிடிஆர்2, டிடிஆர்4 ரேம்களைத் தவறி வாங்கினாலும் கீழ் விளிம்பில் உள்ள வெட்டுப்பள்ளம் வேறிடத்தில் இருப்பதால் ஸ்லாட்டில் இறங்காது. இறங்கவில்லை என்றால் அழுத்தக் கூடாது. என் கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதனால் இந்தக் கணினிக்கு இதற்குமேல் ஆயிரக்கணக்கில் செலவு செய்ய நான் நினைக்கவில்லை.

கடையின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். புதிய 8 ஜிபி டிடிஆர்3 அவர்களிடம் இருப்பு இல்லை. வரும் என்று சொன்னது நான் போன மூன்று முறையும் வரவில்லை. தொலைபேசியை எடுப்பதில்லை, அதனால் மண்டபத்திலிருந்து போகிறவருக்கு ஒரு பயணம் வீணாகலாம், எனக்கு வீணானது. பில்லில் முதலில் “ரேம் 4 ஜிபி” என்று மட்டும் எழுதினார்கள். ரேமின் எண்ணையும் ஓராண்டு மாற்றித் தரும் உறுதியையும் எழுதச் சொல்லி நான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. கேட்டதும் தயங்காமல் எழுதிக் கொடுத்தார்கள் என்றாலும், கேட்காதவருக்கும் அது எழுதப்பட வேண்டும். அந்தப் பில்லைக் கேபினட்டின் உள்பக்கத் தகட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். அடுத்து யார் திறந்தாலும் என்ன ரேம் இருக்கிறது என்று தெரியும்.

பயன்படாமல் போன அந்த 450 ரூபாய் ரேமையும் இரண்டாம் முறை போனபோது எடுத்துச் சென்றிருந்தேன். கடை இளைஞர் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய ஏஎம்டி போர்டை எடுத்து அதில் பொருத்தினார். பீப் இல்லை, திரையில் 4096 எம்பி என்று சுத்தமாக வந்தது. உச்சிப்புளி ஸ்டூடியோக்காரரின் கணினி ஏஎம்டிதான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கடைக்கு வழி சொன்னவர் அவர்தானே என்று, திரும்பும் வழியில் இறங்கி அதை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். கல்யாண ஆல்பம் செய்யும் கணினியில் அது இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.